மூன்று இலைக் கிரீடம் எங்கிருந்து வந்தது

வரலாற்று ஆலோசகராகிய என் மகளே,

சூளகிரிக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் தக்காளிக்கும் அரை ஏக்கர் ரோஜாவுக்கும் சக்கரவர்த்தியும், ஓசூர்த் தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு வருடம் பிஸ்டன்களுக்குத் தீர்ப்பு வழங்கி ஓய்வு பெற்றவனும், உன்னைப் பெற்றவனுமாகிய நான் இதைப் பேனாவால் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் பாதியில் ஒரு கேலி பேசுவேன், நீ சிரிப்பாய், நீ சிரித்து முடிப்பதற்குள் நான் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வரி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போன வியாழக்கிழமை நீ கூப்பிட்டாய். “அப்பா, நம்ம வயல் ராஜா நாலாவது எபிசோட்ல வர்றாரு! வர்ற திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கக்கிழமை யூனிட்டே அங்க வருது. கிரீடம் ரெடியாயிடுச்சு, நம்ம கீழ்வயல் கல்லுல இருக்கிற மாதிரியே மூணு இலை. என் பேரு முடிவுல தனியா கார்டு போடறாங்கப்பா.” உன் அம்மா உடனே கேசரி கிளறி, நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். உன் அப்பன் வாழ்நாளில் முதன்முறையாகக் கேசரியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தெரிந்தால் உன் வேலை போனாலும் போகலாம். தெரியாவிட்டால் உன் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பொய் வீட்டுக்கு வீடு ஓடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரே சொல்லத் தைரியம் இல்லாததால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய முதல் மூன்று எபிசோடுகளையும் பார்த்தேன். குமட்டியது மகளே. இதைவிட மென்மையான சொல்லைத் தேடி வீடெல்லாம் அலைந்தேன், கிடைக்கவில்லை. இந்த மூன்றிலும் வருகிற உங்கள் ராஜாவின் மார்பில் ஒரு முடி இல்லை. காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தவன் என்று பின்னணிக் குரல் இடி முழக்கத்தோடு சொல்கிறது, ஆள் என்னவோ எண்ணெய் தடவிய கத்தரிக்காய் மாதிரி வந்து நிற்கிறான். அவன் பல்லைப் பார்த்தால் அந்தக் காலத்தில் இந்த மலையெல்லாம் வேப்பமரத்துக்குப் பதில் பல் ஆஸ்பத்திரி முளைத்திருந்தது போலத் தெரிகிறது. குடிமக்கள் அத்தனை பேர் முகத்திலும் யாரோ கைக்குக் கிடைத்த பழுப்புச் சாயத்தை அப்பியிருக்கிறார்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் மட்டும் அந்தச் சாயம் எட்டவில்லை. ஒருவராவது சாதாரணமாகப் பேசுகிறார்களா? தண்ணீர் கேட்பதற்குக்கூட ஒருவன் மலை உச்சியில் நின்று அலறுகிறான். நம் முன்னோர் எல்லோருக்கும் காது கேட்காது என்று எந்தக் கல்வெட்டில் படித்தீர்கள்?

இரண்டாவது எபிசோடில் அரண்மனைச் சமையலறை. கூடை நிறையத் தக்காளி. தக்காளி இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்ததே அந்த ராஜாவுக்குப் பல நூறு வருடம் கழித்து. அதுவும் நாட்டுத் தக்காளியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். லாரியில் ஆயிரம் மைல் உருண்டாலும் நசுங்காத தடித்தோல் ஹைபிரிட்! நான் போட்ட ரகம்! என் தோட்டத்துத் தக்காளி என் அனுமதி இல்லாமல் காலத்தில் பின்னோக்கிப் போய் ராணிக்கு ரசம் வைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது எபிசோடில் எதிரி நாட்டான் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிற காட்சி. உன் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, அந்த மாட்டுக் காதுல மஞ்சளா என்னமோ தொங்குதே?”

பார்த்தால் கறுப்பு வெள்ளைச் சீமை மாடு, காதில் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் அடிக்கிற பிளாஸ்டிக் வில்லை. நான் எழுந்து நின்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். அரை மணி நேரம் கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து நாய்கள் பதில் சொல்லின. உன் அம்மா பூ கட்டிக்கொண்டே சொன்னாள், “நீங்க கத்தறதைப் பார்த்தா அந்த மாடுங்களை நீங்களே மேய்ச்சாப்புல இருக்குது. பொய்யின்னு தெரியுதில்ல, அணைச்சுட்டுப் போய்ப் படுங்க.”

அந்தப் “பொய்யின்னு தெரியுதில்ல” என்கிற இடத்தில்தான் உன் அப்பனின் வாய் மூடியது. ஏனென்றால் திரையில் காட்டிய பொய்யைவிட மோசமான ஒன்று, நம் கீழ்வயல் வரப்பில், மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதைச் செய்தவன் நான்.

உனக்கு வரலாற்றுப் பைத்தியம் பிடித்தது புத்தகத்தால் அல்ல, திரையால்தான். ஓசூரில் வாள் சண்டைப் படம் எது வந்தாலும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து சட்டை மாற்றாமல் ஓடியிருக்கிறேன். வீட்டில் டிவியில் எந்த ராஜா வந்தாலும் நான் ஒரு பக்கம் விளக்கவுரை நிகழ்த்துவேன், நீ என் வயிற்றின் மேல் உட்கார்ந்து கேட்பாய். ஏழு வயதில் ஒருநாள் கேட்டாய், “அப்பா, நம்ம வயல் ராஜா படம் மட்டும் ஏன் வரல?” நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன், “உன்னை மாதிரி ஒருத்தி படிச்சுட்டு வந்து எடுப்பான்னு காத்துக்கினு இருக்காரு கண்ணு.” அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நீ இன்ஜினியரிங் இடத்தை வேண்டாம் என்று உதறினாய். மாமன் மச்சான் எல்லாம் என்னைத் திட்டியபோது நான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு கல்லூரிக்காக நீ செல்போனை என் வாய்க்கு எதிரே நீட்டி, “நம்ம வயல் ராஜா வேங்கைக் கோமான் பற்றி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கப்பா, தாத்தா காலத்துல என்ன சொல்வாங்க?” என்று கேட்டாய். ஒரு மணி நேரம் சொன்னேன். அறுபது வேங்கைகளை வெறுங்கையால் கிழித்தவன், யானையை வாலைப் பிடித்துச் சுழற்றி ஆற்றுக்கு அக்கரையில் எறிந்தவன், முதுகில் ஒரு தழும்பும் இல்லாதவன். நீ புலி யானைகளை எல்லாம் கழித்துவிட்டு, நல்ல படிப்பாளியாக, ‘இங்கே ஒரு குறுநில மன்னன் இருந்திருக்கலாம்’ என்று எழுதினாய். ‘மூன்று இலைக் கிரீடம் இப்பகுதிக்கே உரிய வடிவம்’ என்றும் எழுதினாய். அதை உன் பேராசிரியர் பாராட்டினார் என்று சொன்ன அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் மோர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இப்போது சொல்கிறேன். வேங்கைக் கோமான் என்று ஒருவன் கிடையாது. அந்தப் பெயரை நான் வைத்தேன். அந்தக் கிரீடத்தை நான் செய்தேன்.

நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். அதுவரை ஊர், ஓர் ஆள் உருவம் செதுக்கிய அந்தக் கல்லை வேடியப்பன் என்று கும்பிட்டு, வருடத்துக்கு ஒருமுறை கிடா வெட்டி, மற்ற நாளெல்லாம் அதில் மாடு உரசிக்கொள்ள விட்டிருந்தது. அந்த வருடம் டிவியில் ஒரு ராஜா தொடர் வந்தது. வாரம் ஒருநாள் சாயங்காலம். ஊரில் கலர் டிவி நம் வீட்டில் மட்டும்தான் என்பதால் நான்தான் அரசவைத் தலைவன், நான்தான் புலவன், நான்தான் ஆன்டெனாவைத் திருப்புகிறவன். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஏரிக்கரைக் கல்லை ஒரு படைத்தலைவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நம் ஊர் வெறும் படைத்தலைவனுக்குக் கீழே இருப்பதா? என் ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தில் ஒரு டீ போட்டிருக்கலாம்.

அந்தச் சமயம் தளியில் கன்னட வாத்தியாராக இருந்த கெம்பண்ணா ரோஜா நாற்று வாங்க வந்தார். கல்லின் அடியில் நாலு வரி எழுத்து இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது கோழி கிளறிய மண். அவர் உட்கார்ந்து விரலை வைத்துத் தடவி, முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். தொடருக்கு நேரமாகிவிட்டதே என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது கன்னடம்பா,” என்றார். “பழைய கன்னடம். இவன் ராஜா அல்ல. மாடு காயறவன், மேய்க்கறவன். மாட்டுக்காக சண்டை போட்டு செத்திருக்கான் பாவம்.”

“சரியா பாருங்க சார். ராஜான்னு எங்கயாச்சும் இருக்கும்.”

“ராஜாவுக்குக் கையில மாடு மேய்க்கிற கோலு எதுக்குப்பா? ஞாயித்துக்கிழமை அரிசி மாவு கொண்டாந்து தேய்ச்சுப் பாக்கலாம். எழுத்துல மாவு நின்னா முழுசா படிச்சு எழுதித் தரேன்.”

நீ நினைத்துப் பார். தக்காளியைக் கன்னடத்தில் விற்று, தண்ணீர்ச் சண்டையைத் தெலுங்கில் போட்டு, சமாதானத்தைத் தமிழில் பேசுகிற ஊர் நம்முடையது. உன் அம்மா தூக்கத்தில் மூன்று மொழியிலும் என்னைத் திட்டுவாள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு, என் வயலில் நிற்கிறவன் கன்னட எழுத்தோடு நிற்கிறான் என்பதும், அதிலும் மாட்டுக்காரனாக நிற்கிறான் என்பதும் பொறுக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஒரு தமிழ் ராஜா. டிவியில் வருகிறவனைப் போல ஒருவன். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், சனிக்கிழமை லீவு போட்டு, மாட்டுக்கொட்டகைத் தரைக்கு வாங்கிய சிமெண்டில் கெட்டியாகக் கலவை போட்டு, கல்லின் கீழ்ப்பாதியை மூடிப் பீடம் கட்டினேன். நாலு வரியும் உள்ளே போனது. கையோடு அவன் தலையில் ஒரு கிரீடம் வைத்தேன். எந்தக் கிரீடம்? தொடரில் வந்த நடிகனின் கிரீடம். எங்கள் டிவியில் கோடு கோடாக இழுத்ததால் எத்தனை இலை என்று சரியாகத் தெரியவில்லை. மூன்று என்று வைத்துக்கொண்டேன். மேலே தங்க நிற எனாமல் பெயிண்ட். அந்தத் தொடர்க்காரன் அட்டையில் வெட்டியதை நான் சிமெண்டில் செய்தேன், நீ அதைப் பார்த்து ஆய்வேட்டில் எழுதினாய், இப்போது உங்கள் ஆட்கள் அதைப் பித்தளையில் வார்த்து இன்னொரு நடிகன் தலையில் வைக்கப் போகிறார்கள். மகளே, கம்பெனியில் ஒரு பிஸ்டன் முடியளவு பிசகியிருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்து ரிஜெக்ட் பெட்டியில் வீசுவேன். மேனேஜர் வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டேன். அந்த அளவுகோலைப் பிடித்த அதே கை இது.

ஞாயிற்றுக்கிழமை கெம்பண்ணா அரிசி மாவுப் பொட்டலத்தோடு வந்தார். பீடத்தைப் பார்த்தார். கிரீடத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் பதிலுக்குப் பேச ஒரு வண்டி வசனம் தொடரிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சிமெண்ட் நல்ல சிமெண்ட்டா?”

“நல்ல சிமெண்ட்தான் சார்.”

தலையாட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அந்த வருடப் பண்டிகையில் ராஜாவைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு முதல் மாலை போட்டார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் அந்த மாலை எனக்குத்தான். நீ கைதட்டுவாய்.

நீ போன் செய்த மறுநாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழ்வயலுக்குப் போனேன். கிரீடம் இரண்டு தட்டில் கழன்று விழுந்தது. அதற்கடியில் அவனுடைய கொண்டை. பக்கவாட்டில் சாய்த்து முடிந்த சின்னக் கொண்டை, ஓடுகிறவன் அவசரத்தில் முடிந்த மாதிரி. முப்பது வருடமாக அதைப் பார்த்ததில்லை. பீடம் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. நல்ல சிமெண்ட். பேர்த்துப் பேர்த்து எடுத்ததில் கீழே மூன்று மாடுகள் தெரிந்தன, என் உள்ளங்கை அளவு. அவற்றுக்கும் கீழே எழுத்து. அதற்குள் ஊர் கூடிவிட்டது. ராஜாவை உடைக்கிறான் என்று எவனோ வண்டியில் போய்ச் சொல்லியிருக்கிறான். என் பெரியப்பா மகன் திம்மராயன் மூச்சு வாங்க வந்து நின்றான். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். உனக்கு இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக, புலி யானை எதுவும் சேர்க்காமல் சொன்னேன்.

“ஏண்டா, அப்போ இத்தனை வருசமா நாங்க யாருக்குடா கெடா வெட்டினோம்?” என்றான் திம்மராயன்.

“இவனுக்குத்தான்.”

“இவன் யாரு?”

“மாடு காத்தவன்.”

“மாடு காத்தவனைக் காட்டி நீ மாலை வாங்கிக்கினியா? தூ!”

துப்பியது என் காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தது. அண்ணன் தம்பி மரியாதை. கூட்டத்தில் முனியம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், “ராஜான்னு சொன்னப்பவே எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நம்ம ஊருக்கு ராஜா எதுக்கு வர்றாரு? பஸ்ஸே வர்றதில்ல.” அவள் மாட்டுக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் இந்தக் கல்லுக்குத்தான் விளக்கு வைப்பாளாம். மாட்டுக்காரன் என்றால் தனக்கு இன்னும் சௌகரியம் என்று சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போனாள். இனி பண்டிகை மாலை எனக்கு இல்லை. அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வருத்தமாகத்தான் இருக்கிறது.

நேற்று தளிக்குப் பஸ் ஏறினேன். கெம்பண்ணா இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை. என்னை வாசலில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு கேட்டார், “என்னப்பா, சிமெண்ட் விட்டுடுச்சா?” நான் அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, “அதெல்லாம் வேணாம், கார் கொண்டாந்தியா பஸ்ஸா?” என்றார். இன்று காலை மகன் வண்டியில் வந்தார், மாவோடு. வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேய்த்தார். கறுப்புக் கல்லில் வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. மொத்தமாக அவர் படித்துச் சொன்னது இவ்வளவுதான்: யாரோ பக்கத்து ஹள்ளியின், அதாவது கன்னடக்கார ஊரின், மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் ஊர்க்காரன் ஒருவன் துரத்திப் போய் மாடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே விழுந்திருக்கிறான். மாட்டுக்குச் சொந்தக்காரர்களான அந்த ஹள்ளிக்காரர்கள் இந்தக் கல்லை எடுத்து வந்து, அவன் ஊரில் நட்டு, தங்கள் பேச்சில் தங்கள் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தன் மாடுகூட இல்லை மகளே. அடுத்த ஊர் மாடு.

“பேரு என்னங்க சார்?” என்று கேட்டேன்.

அவர் முதல் வரியில் விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்கதான் இருக்கணும்.” அங்கே எழுத்து இல்லை. சிமெண்டோடு சேர்ந்து கல்லின் தோலும் பெயர்ந்து வந்திருந்தது, என் உளி இறங்கிய குழி வெள்ளை மாவு நிரம்பித் தெரிந்தது. உதிர்ந்த சில்லுகளை எல்லாம் சலித்துப் பார்த்தோம். தூளாகியிருந்தது.

“நீங்க அன்னிக்கு முதல் வரியைப் படிச்சீங்களே சார்?”

“படிச்சேன். சத்தமாவே படிச்சேன். முப்பது வருசமாச்சுப்பா, எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? நீ பக்கத்துலதானே நின்ன? உனக்கு ஞாபகம் இல்லியா?”

எனக்கு அன்று நடிகன் பேசிய வசனம் ஒரு வரி விடாமல் இன்றைக்கும் வருகிறது. இவன் பெயர் வரவில்லை.

நீ இதைப் படித்ததும் முதலில் உன் டைரக்டரிடம் போ. திங்கட்கிழமை யூனிட் வந்தால் கிரீடம் இல்லாத கல்லும், நானும் இருப்போம். நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் சொல்வேன், ஆனால் அது உன் வாயிலிருந்து போனால்தான் உனக்கு நல்லது. தகவல் தந்தவன் பொய்யன், விசாரித்ததில் தெரிந்தது என்று சொல். அப்பா என்பதற்காக ஒரு சொல்லைக்கூடக் குறைத்துச் சொல்லாதே. அவர்கள் மாட்டுக்காரனை எடுப்பதாக இருந்தால் எடுக்கட்டும், கத்தாமல் எடுக்கச் சொல். ராஜாதான் வேண்டும் என்றால் வேறு வயலைப் பார்க்கட்டும், நீ உன் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டு வா. வேலை போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு அந்த நிலையைக் கொண்டுவந்தவனே யோசனையும் சொன்னால் கேட்க அருவருப்பாக இருக்கும், ஆகவே சொல்லவில்லை. என்னிடம் கோபப்படு. உன் அம்மா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள், இரண்டு மொழி முடிந்திருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கல்லைப் பற்றி நீ முன்பு எழுதியதைத் திருத்தி எழுதுவாய், எனக்குத் தெரியும். அதில் ‘வீரன் பெயர் தெரியவில்லை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடாதே. படிக்கிறவன் மழை கரைத்தது, காலம் அழித்தது என்று நினைத்துக்கொள்வான். மழை இத்தனை நூறு வருடம் அந்தப் பெயரை விட்டுத்தான் வைத்திருந்தது. அதனால் அடுத்த வரியையும் எழுது. அழித்தவன் பெயர் தெரியும் என்று எழுது. என் பெயரை இனிஷியலோடு, ஊரோடு, இன்னார் அப்பா என்பதோடு முழுசாக எழுது.